கமலா கான்: பிள்ளைகளோடு நாமும் படிக்க வேண்டிய ஒரு சித்திரக்கதை

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், மதரஸா ஆசிரியர்களாகிய நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "ஹஜ்ரத், பிள்ளை எந்நேரமும் செல்பேசியில் சூப்பர் ஹீரோ படமும் காமிக்ஸுமாகவே இருக்கிறான். வேற்றுக்கிரகவாசி வருகிறான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உலகைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஒரே கற்பனை. இவற்றையெல்லாம் படிக்கலாமா, கூடாதா?"

கூடாது என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிடுவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல் பிள்ளையின் கையிலிருந்து செல்பேசியை எடுத்துவிடுவதில்லை. நம் பார்வை படாத இடத்தில் வைத்துப் படிக்கவே அவனைப் பழக்குகிறது. எதைத் தவிர்க்க வேண்டும் என்று கூறும் நாம், எதைப் படிக்கலாம் என்று சுட்டிக்காட்டவும் கடமைப்பட்டுள்ளோம். அவ்வகையில், அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2014 பிப்ரவரியில் வெளியிடத் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' என்னும் சித்திரக்கதைத் தொடரை இங்கே பரிந்துரைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதைக் காட்டிலும் அழுத்தமாகப் பெற்றோருக்குப் பரிந்துரைக்கிறோம். அதற்கான காரணம் போகப்போக விளங்கும், இன்ஷா அல்லாஹ்.

சிறகு முளைத்த குதிரை

முதலில், கற்பனை என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு நபிமொழியை நினைவூட்டுகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பியிருந்தார்கள். காற்றில் திரைச்சீலை விலகியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் கண்ணில் பட்டன. அவற்றுக்கு நடுவே இரண்டு சிறகுகளைக் கொண்ட ஒரு குதிரை நின்றது. குதிரைக்கு ஏது சிறகு என்று நபியவர்கள் வினவ, ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் பதிலுக்கு வினவினார்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள். அபூதாவூதில் இடம்பெற்றுள்ள செய்தி இது. இளம் மனம் ஒன்று கற்பனையில் குதிரைக்குச் சிறகு பூட்டியதை அல்லாஹ்வின் தூதர் கண்டிக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், பதிலைச் செவிமடுத்தார்கள், சிரித்தார்கள். பிள்ளைகளின் கற்பனையை எவ்வாறு அணுகுவது என்பதற்கு இதைவிட அழகிய பாடம் நமக்குத் தேவையில்லை.

எனினும் கற்பனைக்கும் எல்லை உண்டு. குவைத்தில் 2006ஆம் ஆண்டு 'தி 99' என்றொரு சித்திரக்கதைத் தொடர் தொடங்கப்பட்டது. அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களைத் தழுவிய பண்புகளை அது கதைமாந்தர்களுக்குப் பகிர்ந்தளித்தது. மார்க்க அறிஞர்கள் பலர் அதை ஆட்சேபித்தனர். அகீதா சார்ந்த அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. 'மிஸ் மார்வெல்' அத்தகைய வழியில் செல்லவில்லை. 'கிரீ' என்னும் வேற்றுக்கிரக இனத்தார் பன்னெடுங்காலத்துக்கு முன்பு மனிதர்களிடையே வந்து சிலர் மீது பரிசோதனை நடத்தினர், அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஒரு மர்ம மூடுபனி பட்டதும் விசித்திர ஆற்றல் பெறுகின்றனர் என்பது அதன் பின்னணி. இது கட்டுக்கதை என்பது படிக்கும் சிறுவனுக்கும் தெரியும். இதை யாரும் மார்க்கமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

யார் இந்தக் கமலா?

பெயரைக் கேட்டதும் நம் செவிக்குத் தாமரையே நினைவுக்கு வரும். இங்கோ 'கமால்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்த பெயர் அது. நிறைவு என்பது பொருள். உருதுவில் அச்சொல்லுக்கு வியப்பு என்ற பொருளும் உண்டு. கமலா கான், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்து ஜெர்ஸி சிட்டியில் வாழும் 16 வயது மாணவி. பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்கள்.

கதையை எழுதிய ஜி. வில்லோ வில்சன், இளமையில் இஸ்லாத்தை ஏற்று, சில காலம் எகிப்தின் கெய்ரோவில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர். பாகிஸ்தான் வம்சாவளியில் நியூ ஜெர்ஸியில் வளர்ந்த சனா அமானத் இதன் பதிப்பாசிரியர். அவர் தம் சக பதிப்பாசிரியரிடம் தம் சிறுபிராயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததிலிருந்தே இந்தப் பாத்திரம் பிறந்தது. தொடக்க இதழ்களுக்கு ஓவியம் தீட்டியவர் ஏட்ரியன் அல்ஃபோனா. முதல் தொகுப்பு 2015ஆம் ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதைச் சித்திரக்கதைப் பிரிவில் பெற்றது. நம் வாழ்வை வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எழுதியவர்களின் படைப்பு அன்று இது. தொழுகையும் ஹலால் பேணுதலும் எப்படிப்பட்டவை என்பதை உள்ளிருந்து அறிந்தவர்கள் எழுதியது.

அதனால்தான் கமலாவின் வீடு நம் அண்டை வீடு போலவே இருக்கிறது. அண்ணன் ஆமிர் தாடி வைத்து, வணக்கத்தில் மூழ்கியிருப்பவர். வேலை தேடாமல் இருப்பதற்குத் தொழுகையைச் சாக்காக்காதே என்று தந்தை யூசுஃப் சலித்துக்கொள்கிறார். வட்டி கலந்த வருமானத்தை மகன் வெறுக்கிறார். தந்தையோ வங்கியில் பணிபுரிபவர். இந்த உரையாடல் எத்தனை வீடுகளின் உணவு விரிப்பில் நடந்துகொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். தாய் முனீபாவுக்கு மகள் இருட்டிய பிறகு வெளியே இருந்தால் உயிர் நிலைகொள்ளாது. தோழி நாகியா, தன் தந்தையே வேண்டாம் என்று கூறியும் தன் விருப்பத்தின் பேரில் தலைமுக்காடு அணிகிறாள். முக்காடு என்றாலே யாரோ கட்டாயப்படுத்தியது என்று எண்ணுவோருக்கு இந்தச் சிறு செய்தி ஒன்றே போதும்.

அடுத்தவர் முகம்

கதையின் தொடக்கத்தில் கமலா, பெற்றோரின் அனுமதியின்றி இரவில் ஒரு கேளிக்கைக்குச் செல்கிறாள். அங்கே பழச்சாற்றில் மதுவைக் கலந்து கொடுத்து ஏமாற்றுகின்றனர். வாயில் பட்டவுடன் துப்பிவிடுகிறாள். கேலிக்கு ஆளாகி வெளியேறும் வழியில் மூடுபனி அவளைச் சூழ்கிறது. நினைவு தப்பிய நிலையில் தான் போற்றும் 'கேப்டன் மார்வெல்' என்ற வீராங்கனையைக் காண்கிறாள். அவரைப் போலவே ஆகிவிட வேண்டும் என்பது அவளது வேட்கை. விழிக்கும்போது அது நிறைவேறியிருக்கிறது: பொன்னிறக் கூந்தல், வெள்ளைத் தோல், உயரமான உடல், அங்கம் தெரியும் ஆடை.

வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் கூந்தல் முகத்தில் விழுகிறது, காலணி கடிக்கிறது, ஆடை உடலை உறுத்துகிறது. வரும் என்று நம்பியிருந்த மகிழ்ச்சி மட்டும் வரவில்லை. பின்னர் அவள் தன் உருவத்திலேயே, தன் முழுநீள நீச்சல் உடையான புர்கினியைத் திருத்தித் தைத்த ஆடையில் தன் பணியைத் தொடர்கிறாள். உடலை நீட்டவும் பெருக்கவும் சுருக்கவும் வல்ல ஒரு பெண், தான் வேறு யாராகவும் இருக்கத் தேவையில்லை என்று கண்டுகொள்வதே இத்தொடரின் உயிர்நாடி. தோலை வெளுப்பாக்கும் களிம்பையும், முகத்தை மாற்றிக் காட்டும் செல்பேசிச் செயலியையும் கையில் வைத்திருக்கும் நம் பெண்மக்களுக்கு இதைப் பயானில் சொல்லிப் புரியவைப்பது கடினம். சித்திரம் சில பக்கங்களில் சொல்லிவிடுகிறது.

அந்த இரவில் நிகழ்ந்த மற்றொன்றையும் கவனியுங்கள். தன்னை இழிவாகப் பேசிய ஸோயி என்ற மாணவி ஆற்றில் விழுகிறாள். கமலாவின் உள்ளத்தில் அப்போது எழுவது ஓர் இறைவசனம். ஓர் உயிரைக் காத்தவர் மனித குலம் முழுவதையும் காத்தவரைப் போன்றவர் என்று உணர்த்தும் அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். தொலைக்காட்சியில் துயரச் செய்திகள் வரும்போதெல்லாம் அவள் தந்தை எடுத்துச் சொல்வது அது. மகள் காதில் விழுகிறதா, மனத்தில் தங்குகிறதா என்று அந்தத் தந்தை ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆற்றங்கரையில் அது வேலை செய்தது. பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதில்லை என்று சலிப்படையும் பெற்றோர் இப்பகுதியை இருமுறை படிக்கட்டும்.

ஓர் ஆலிமின் அறை

மதரஸா ஆசிரியர்களாகிய நம்மை மிகவும் நிறுத்தி வைத்த இடம் ஆறாம் இதழில் வருகிறது. இரவுகளில் எங்கோ சென்றுவரும் மகளைப் பள்ளிவாசல் ஷேக் அப்துல்லாஹ்விடம் பெற்றோர் அனுப்புகின்றனர். வகுப்பில் தடுப்புக்குப் பின்னிருந்து குறுக்குக் கேள்வி கேட்கும் மாணவி அவள்; அவருக்கும் அவளுக்கும் முன்பே உரசல் உண்டு. ஷைத்தான், ஆண் நண்பர்கள், நரகம் என்று ஓர் உரை வரப்போகிறது என எதிர்பார்த்தே அவள் அமர்கிறாள்.

மக்களுக்கு உதவுகிறேன், ஆனால் எப்படி என்பதைக் கூற இயலாது என்கிறாள். ஷேக் அந்த இரகசியத்தைத் தோண்டவில்லை. செய்தே தீர்வாயானால், நேர்மையான ஒரு பெண்ணுக்குரிய துணிவோடும் வாய்மையோடும் இரக்கத்தோடும் சுயமரியாதையோடும் செய் என்று அறிவுறுத்துகிறார். தனியாகத் தடுமாறாதே, உனக்கு ஓர் ஆசானைத் தேடிக்கொள் என்றும் கூறி அனுப்புகிறார். எழுந்து செல்லும்போது அவள் தலை நிமிர்ந்திருக்கிறது.

மேற்கத்தியக் கதைகளில் பள்ளிவாசல் இமாம் எப்படிச் சித்திரிக்கப்படுவார் என்பது நாம் அறியாததா? அந்த வகையில் இக்காட்சி ஆறுதல் அளிக்கிறது என்று கடந்துவிடலாம். ஆனால் அது நம்மை நோக்கியும் ஒரு கேள்வியை வைக்கிறது. ஷேக் அப்துல்லாஹ்வின் இடத்தில் நாம் இருந்திருந்தால் அந்தப் பெண்பிள்ளை இரண்டாம் முறை நம்மிடம் வருவாளா? விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைச் சுற்றியிருந்தோர் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அருகில் அழைத்தார்கள். உம் தாய்க்கு, உம் மகளுக்கு, உம் சகோதரிக்கு இதை விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பின்னர் அவர்மீது கை வைத்து அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. வழி தவறும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது, பயமின்றி வந்து பேசக்கூடிய ஒருவர். அந்த ஒருவர் வீட்டிலோ மதரஸாவிலோ கிடைக்காதபோது, பிள்ளைகள் அவரைச் செல்பேசிக்குள் தேடுகின்றனர். அங்கே கிடைப்பவர் யார் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

நம்மவன் என்பதே பாதுகாப்பாகுமா?

மூன்றாம் தொகுப்பில் கம்ரான் என்ற இளைஞன் வருகிறான். குடும்ப நண்பர்களின் மகன், படிப்பாளி, அழகன். கமலாவுக்குப் பிடித்த விளையாட்டுகளும் படங்களும் அவனுக்கும் பிடிக்கும். அவளைப் போன்றே விசித்திர ஆற்றலும் பெற்றவன். பெற்றோர் பார்வையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் இறக்கிவிடுவதாகக் கூறி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, அவளைத் தீயவர்களின் இருப்பிடத்துக்குக் கடத்திச் செல்கிறான். அவள் எதிர்த்தபோது, நீயாகத்தானே வண்டியில் ஏறினாய், நடந்தது உன் தவறு என்றுதானே எல்லோரும் சொல்வார்கள் என்ற பொருள்படப் பேசுகிறான்.

இந்த வாதத்தைக் கேட்டு வாய்மூடிப்போன பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! தெரிந்தவன், நம் சமுதாயத்தான், நல்ல குடும்பம் என்ற அடையாளங்கள் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடா. அப்படி ஒன்று நேர்ந்தால் குற்றம் செய்தவனே குற்றவாளி. "நீ ஏன் போனாய்" என்று மகளைக் கேட்பதற்கு முன்பு, "நீ திரும்பி வந்தாயே, அல்ஹம்துலில்லாஹ்" என்று கூறும் வீடாக நம் வீடு இருக்க வேண்டும். இதைப் பற்றி மகளிடம் எவ்வாறு பேச்சைத் தொடங்குவது என்று தயங்கும் தாய்மார்களுக்கு, கம்ரான் வரும் பக்கங்களை அவளுடன் அமர்ந்து படிப்பது நல்ல தொடக்கமாகும்.

பயனற்ற தலைமுறையா?

முதன்மையான வில்லன், அறிவியலாளர் தாமஸ் எடிசனை நகலெடுக்க முனைந்தபோது ஒரு பறவையின் மரபணு கலந்துவிட்டதால் பறவைத் தலையோடு பிறந்த விந்தை உருவம். சிரிப்பு மூட்டும் தோற்றம், சிந்திக்க வைக்கும் சூழ்ச்சி. காணாமல்போன இளைஞர்களை அவன் மின்கலங்களைப் போலப் பயன்படுத்துகிறான். அவர்களை விடுவிக்கச் செல்லும் கமலா அதிர்ந்துபோகிறாள். அவர்கள் விரும்பியே அங்கே இருக்கின்றனர்! உங்கள் தலைமுறை உலகுக்குச் சுமை, செல்பேசியில் மூழ்கிய வீணர்கள் என்று காதில் ஓதப்பட்டதை அவர்கள் நம்பிவிட்டார்கள். ஏதேனும் ஒரு வகையிலாவது பயன்படுவோம் என்று தங்களையே எரிபொருளாக ஒப்படைத்திருக்கிறார்கள். அவர்களிடம் பேசி, நீங்கள் சுமையில்லை என்று உணர்த்துவதே அங்கே கமலா புரியும் பெரும் போர்.

நம் ஜுமுஆ உரைகளிலும் திண்ணைப் பேச்சுகளிலும் "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று தொடங்கும் வாக்கியங்கள் எத்தனை என்பதை ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அல்குர்ஆனோ, ஈமானுக்காகக் குகையில் தஞ்சம் புகுந்தவர்களை இளைஞர்கள் என்றே அறிமுகப்படுத்துகிறது. சிலைகளை எதிர்த்து நின்ற இப்ராஹீம் (அலை) அவர்களையும் அவ்வூரார் ஓர் இளைஞர் என்றே குறிப்பிட்டதாகக் கூறுகிறது. பயனற்றவர்கள் என்று நாம் ஓயாமல் சொன்னால் பிள்ளைகள் திருந்துவதில்லை. நாளடைவில் அதை நம்பத் தொடங்குகிறார்கள்.

தாய் அறிந்திருந்தாள்

முதல் தொடரின் இறுதிப் பகுதியில், உலகமே முடிவுக்கு வந்துவிடும் என்ற நெருக்கடியில் கமலா தன் தாயிடம் உண்மையைக் கூறுகிறாள். முனீபாவுக்கு அது முன்பே தெரியும். கண்டித்த வேளையிலும் கண்காணித்த வேளையிலும் அவர் அறிந்தே இருந்திருக்கிறார். துன்பப்படுவோருக்கு உதவுவதற்காகத்தான் மகள் வீட்டுக்குத் தெரியாமல் சென்றாள் என்றால், நல்ல பிள்ளையை வளர்த்ததற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துகிறேன் என்ற பொருளில் அவர் பேசும் இடத்தில், வாசிக்கும் எந்தத் தாயின் கண்ணும் கலங்கும். இதுவரை கட்டுப்பெட்டித் தாயாக மட்டுமே தெரிந்தவர் அங்கே முழு மனுஷியாக எழுந்து நிற்கிறார். இதைப் படிக்கும் பிள்ளை தன் உம்மாவைச் சற்றுக் கூர்ந்து பார்க்கக்கூடும்.

பெற்றோருக்கே அழுத்தமாகப் பரிந்துரைப்பதாக முன்பு கூறியதன் காரணம் இதுதான். கமலாவின் ஆற்றல் மூடுபனி கொடுத்தது. அந்த ஆற்றலை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அவளுக்குக் கொடுத்தவர்கள் ஒரு தந்தையும் ஒரு தாயும் ஓர் ஆலிமும். செல்பேசியும் கல்வியும் நம் பிள்ளைகளுக்கும் பெரும் ஆற்றலைத் தந்துள்ளன. அவற்றைத் தந்தவர்கள் நாம் மட்டுமல்லர். திசை காட்டுவது நம் பொறுப்பு.

கவனம் தேவைப்படும் இடங்கள்

இது ஃபிக்ஹ் நூல் அன்று என்பதை மறக்கலாகாது. கமலா அந்நிய ஆண்களுடன் தடையின்றிப் பழகுகிறாள். வீட்டில் பொய் சொல்கிறாள். புரூனோ என்ற நண்பன் அவள்மீது காதல் கொண்டிருக்கிறான். நாகியாவைப் போல் அவள் தலையை மறைப்பதுமில்லை. இவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. ஆனால் கதை இவற்றையெல்லாம் விளைவே இல்லாத விளையாட்டுகளாகக் காட்டவில்லை. பொய்க்கு விலை இருக்கிறது. புரூனோவிடம் ஆமிர் கோபமோ வெறுப்போ இன்றி, இரு குடும்பங்களின் மரபும் மார்க்கமும் எங்கே வேறுபடுகின்றன என்று எடுத்துரைக்கும் பக்கங்கள் நம் அண்ணன்மாருக்கும் பயன்படும்.

எனவே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே இது உகந்தது என்பது நம் கருத்து. பெற்றோர் முதல் இரண்டு தொகுப்புகளையாவது முன்னதாகப் படித்துவிடுவது நல்லது. ஆங்கிலம் எளிமையானது, படங்கள் துணை நிற்கும். அச்சு நூலாகவும், மார்வெலின் இணைய வாசிப்புச் செயலியிலும் கிடைக்கிறது. 2022இல் வெளியான ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடரில் கமலாவின் ஆற்றலே வேறு, கதையும் வேறு. அதைப் பார்த்துவிட்டதால் இதைப் படித்ததாகக் கொள்ளலாகாது.

படித்து முடித்தபின் தேர்வு வைக்க வேண்டாம். ஷேக்கின் அறையில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பெற்றோரிடம் கமலா எப்போது கூறியிருக்க வேண்டும்? நம் வீட்டில் அதைக் கூறுவது எளிதா, கடினமா? இம்மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் எதுவாயினும் பொறுமையாகச் செவிமடுங்கள். அதைக் கேட்பதற்காகவே இவ்வளவு பக்கங்களையும் புரட்டினோம்.

2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாத்தை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் இடம்பெற்றன. அவற்றின் மேல் சிலர் கமலா கானின் படத்தை ஒட்டி, வெறுப்பைக் கண்டிக்கும் வாசகங்களை எழுதினர். ஓர் ஊரின் வெறுப்பை மறைக்க ஒரு முஸ்லிம் சிறுமியின் சித்திரம் பயன்பட்டது. சித்திரத்தால் அவ்வளவு முடியுமானால், நற்குணத்தோடு வளரும் உயிருள்ள நம் பிள்ளைகளால் எவ்வளவு முடியும்!

நம் மக்களை நம் கண்களுக்குக் குளிர்ச்சியாகவும், மனித குலத்துக்குப் பயனுள்ளவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! அவர்கள் அச்சமின்றி வந்து பேசக்கூடிய பெற்றோராகவும் ஆசிரியராகவும் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.